உணவின் பங்களவும் கலோரி மதிப்பீடும்: உப்புக்குளத்து அன்றாடச் சாப்பாடு

உண்ணும் உணவின் அளவைத் தராசில்லாமல் மட்டுக்கட்டி, அது தரும் சக்தியைக் கணக்கிடுவது பங்களவு மதிப்பீடு. மன்னார்த் தீவில் நகரையொட்டி, முஸ்லிம்களும் தமிழரும் கடற்றொழில் செய்து வாழும் உப்புக்குளத்தில் பெரும்பாலான நாட்களில் சோறும் மீனும் தேங்காயுந்தான் சாப்பாடு. மாச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. (சரியான அலகு கிலோகலோரி, பேச்சு வழக்கில் கலோரி.)

ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்தபடி, இருந்த இடத்தில் வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும் பெண்ணுக்கு 1,660 கலோரியும் போதும். கடும் உடலுழைப்பு உள்ள ஆணுக்கு 3,470 வேண்டும். கடலில் வலை இழுப்பவரும் கந்தோரில் இருப்பவரும் ஒரே அளவு சோறு தின்றால், ஒருவருக்குப் பற்றாது, மற்றவருக்கு மிஞ்சும்.

சோற்றைக் கோப்பையில் பார்த்து அளப்பதைவிட, உலையில் போடுமுன் அளப்பதே நம்பத்தக்கது. அதற்கான கருவி வடக்கின் வீடுகளில் ஏற்கெனவே உண்டு: பால்பேணி அளவான சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து. கூப்பன் அரிசிக் காலத்துக் கொத்து இரண்டு றாத்தல். அந்தக் கணக்கில் ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 225 கிராம், 800 கலோரி. வெந்தபின் அது 600 கிராமுக்கு மேல் நிறையும், ஆனால் கூடுவது தண்ணீர் மட்டுமே. மூன்று சுண்டு போட்டு ஐந்து பேர் சமமாகச் சாப்பிட்டால் ஆளுக்கு 480 கலோரி. குழைந்த சோறும் உதிர்ந்த சோறும் கோப்பையில் வேறுவேறாகத் தெரிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் இதே வழிதான். 100 கிராம் அரிசிமா ஏறக்குறைய 360 கலோரி. ஆனால் மா இலேசானது, ஒரு சுண்டு மா ஒரு சுண்டு அரிசியின் எடைக்கு வராது. பாண் வாங்குபவருக்கு இன்னும் எளிது: முழுப் பாண் 450 கிராம், சுமார் 1,200 கலோரி, கால் றாத்தல் 300. நிறை குறைந்த பாண் விற்பதைத் தடுக்க 2024இல் இந்த எடை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.

கண் பெரிதும் ஏமாறுவது தேங்காயில். துருவிய பூ 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது, அதில் பெரும்பகுதி கொழுப்பு. புட்டுக்கு இடையில் இட்ட பூவும், தொட்டுக்கொள்ள வைத்த சம்பலும், கறியில் விட்ட முதற்பாலும் தனித்தனியே சிறிதாகத் தெரிந்தாலும், கூட்டிப் பார்த்தால் இன்னொரு வேளைச் சோற்றுக்குச் சமமாகலாம். தண்ணீர் விட்டு இளக்கிய பாலில் வைத்த சொதி அவ்வளவு கனமில்லை. மீனைக் குறைத்துச் சோற்றைக் கூட்டுபவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். கொழுப்புக் குறைந்த மீனோ கணவாயோ இறாலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 100 கலோரிதான். உள்ளங்கை அகலத் துண்டு ஒரு பங்கு. பொரித்தால் எண்ணெயையும் சேர்க்க வேண்டும். கருவாட்டில் கவலை கலோரியல்ல, உப்பு: உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது.

கலியாண வீட்டுச் சகன் எல்லாக் கணக்கையும் குழப்பும். இலங்கை முஸ்லிம்களிடையே பொதுவாக ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றியிருந்து உண்பர். நெய்ச்சோறும் இறைச்சியும் நடுவில். தன் முன்னால் உள்ளதையே உண்ண வேண்டும் என்ற மார்க்க ஒழுங்கு ஒருவித எல்லையைப் போடுகிறது. என்றாலும் பக்கத்திலிருப்பவர் அள்ளித் தரும் இறைச்சித் துண்டு எந்த அட்டவணையிலும் வராது. சகனுக்கு எத்தனை சுண்டு அரிசி என்று சமையற்காரரிடம் கேட்டு ஆறால் வகுப்பதே கிட்டத்தட்டச் சரியான விடை. நெய்யைத் தனியே கூட்டிக்கொள்ளலாம்.

இப்படி அளந்து உண்பது ஏன் தேவை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இலங்கையில் 2005–06இல் நடந்த நாடளாவிய ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. ரணில் ஜயவர்தன குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்தோர் நாளொன்றுக்கு 14 பங்குக்கு மேல் மாவுணவு உண்பதாகவும், பழமும் மரக்கறியுமாக ஐந்து பங்கை எட்டியோர் 3.5 வீதத்தினரே எனவும் காட்டியது. உடல் நிறைச் சுட்டெண்ணில் ஆசியருக்கு எச்சரிக்கை எல்லை 25 அல்ல, 23 என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது.

குடிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களில் 2016 ஓகஸ்ட் முதல் நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. கடைத் தேத்தண்ணிக்கு அப்படி ஒரு குறியில்லை. ஒரு தேக்கரண்டிச் சீனி 4 முதல் 5 கிராம். ஒரு கிளாசுக்கு மூன்று கரண்டி, நாளுக்கு நாலு கிளாஸ் என்றால், பால் சேராமலே 200 கலோரி.