ஜெரோம் றொபின்ஸும் 1989ஆம் ஆண்டின் பாராட்டரங்கும்

1989ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி நியூயோர்க் நகரின் இம்பீரியல் அரங்கில் 'ஜெரோம் றொபின்ஸின் பிறோட்வே' என்னும் தொகுப்பு அரங்கேறியது. புதிய கதை எதனையும் அது கூறவில்லை. 1944 முதல் 1964 வரை இசை நாடகங்களுக்கு றொபின்ஸ் அமைத்த நடனங்களுட் சிறந்தவற்றை ஒரே மாலையில் ஆடிக்காட்டியது. 633 முறை மேடையேறி, அவ்வாண்டின் சிறந்த இசை நாடகத்துக்குரிய ரோனி விருதையும் பெற்றது. வரலாறு கற்கும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இத்தகைய பாராட்டரங்கு எதனை நினைவிற் கொள்கிறது, எதனை விட்டுவிடுகிறது?

நாடகத்துக்குப் பிரதி உண்டு. இசைக்குச் சுரக்குறிப்பு உண்டு. நடனமோ பெரும்பாலும் ஆடியவரின் உடலிலேயே தங்கிவிடுகிறது. 1947இல் வெளிவந்த 'ஹை பட்டன் ஷூஸ்' நாடகத்தின் நகைச்சுவைத் துரத்தல் நடனத்தை மீட்பதற்குப் பழைய ஆட்டக்காரரையே தேடவேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளின் பின் ஒருவர் நினைவில் எஞ்சியதை மற்றவர் நினைவோடு பொருத்தி, அடியடியாக அதனைக் கட்டியெழுப்பினர். ஒத்திகைக்கு மாத்திரம் 22 வாரங்கள் சென்றன. இத்தனை பேருடைய உழைப்பின் மீது, தலைப்பில் நின்ற பெயர் ஒன்றே.

தொகுப்பின் மிகப் பழைய நாடகம் 'ஒன் த ரவுண்'. 1944 டிசெம்பரில், ஜப்பானுடன் போர் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில், அதன் முதன்மைப் பாத்திரமொன்றை ஜப்பானியத் தந்தைக்குப் பிறந்த சோனோ ஒசாத்தோ ஏற்று ஆடினார். அத்தந்தையோ போரின்போது அமெரிக்க அரசினாற் தடுத்துவைக்கப்பட்டவர். அதே மேடையிற் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடினர். அந்நாளைய பிறோட்வேயில் இது சிறு செய்தியன்று. ருசியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதரின் மகனான றொபின்ஸ் அப்பொழுது கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். அக்கால இடதுசாரிச் சூழலின் மூச்சு அம்மேடையில் இருந்தது என்றே நாம் கொள்கிறோம்.

ஒன்பது ஆண்டுகள் கழியவில்லை. 1953 மே 5ஆம் திகதி, 'அமெரிக்க விரோத' நடவடிக்கைகளை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் தோன்றிய றொபின்ஸ், தம் பழைய தோழர் எண்மரின் பெயர்களைக் கூறினார். அவர் தன்பாற் காதலர் என்பது அம்பலமாகும் என்ற அச்சமே காரணமென அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தோர் பலர் கருதுவர். முதற் குற்றம் அவரை அங்கு நிறுத்திய அரசுடையது என்பதே எமது துணிபு. எனினும் பெயரிடப்பட்டோருக்கு அதனால் வயிறு நிரம்பவில்லை. அவர்களுள் ஒருவரான நடிகை மடலீன் லீயும் அவர் கணவர் நடிகர் ஜக் கில்போர்டும் தொழில் இழந்து தவித்தனர். விலக்குப்பட்டியலின் பிடி பிறோட்வேயிலும் பார்க்கத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலுமே இறுக்கமாயிருந்தது. றொபின்ஸுக்கோ ஹொலிவூட்டின் கதவு திறந்தே இருந்தது. 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி'யை 1957இல் மேடைக்கு அமைத்தவர், 1961இல் வெளிவந்த அதன் திரைவடிவுக்கு ஒஸ்கார் பெற்றார். செலவும் காலமும் மிகுந்ததென்று படப்பிடிப்பின் நடுவில் விலக்கப்பட்டிருந்தும், நெறியாளர் விருதிற் பங்கு கிடைத்தது.

1962இல், தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு நகைச்சுவை இசை நாடகத்தைச் சீர்செய்ய அவரை அழைப்பதா என்ற கேள்வி எழுந்தது. அதில் நடித்தவர்கள் கில்போர்டும், விலக்குப்பட்டியலால் வருந்திய சீரோ மொஸ்ரெலும். மொஸ்ரெல் மறுக்கவில்லை, இடதுசாரிகள் எவரையும் தொழிலிலிருந்து விலக்குவதில்லை என்பதே அவர் விடையின் சாரமெனச் சொல்வர். றொபின்ஸ் வந்து தொடக்கக் காட்சியை மாற்றியமைத்தார், நாடகம் பிழைத்தது. 1964இல் 'கூரைமேல் வயலின்காரன்' நாடகத்திலும் இருவரும் சேர்ந்து உழைத்தனர்.

அத்தொடக்கக் காட்சியும், 'கூரைமேல் வயலின்கார'னின் பகுதிகளும் 1989இன் தொகுப்பில் இடம்பெற்றன. மொஸ்ரெல் 1977இலேயே மறைந்துவிட்டார். அவருடைய பாத்திரங்களில் ஜேசன் அலெக்சாண்டர் தோன்றினார். எந்தக் கசப்பின் நடுவே அந்த ஆட்டங்கள் பிறந்தன என்பதைக் கூற அம்மாலையில் இடமிருக்கவில்லை.

இரண்டாண்டுகளின் பின், தம் தந்தையைப் பற்றிய தன்வரலாற்று நாடகமொன்றை றொபின்ஸ் ஒத்திகை வரை கொண்டுவந்தார். 1953இன் விசாரணையும் அதில் ஒரு காட்சியாக இருந்தது. 1998இல் அவர் இறந்தபோதும் அந்நாடகம் முடிக்கப்படாமலே கிடந்தது.