கரித்துண்டும் காட்டுத்தீயும்

2017 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்குள் ஒரு நிலக்கரித் துண்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார் அன்றைய நிதியமைச்சர் ஸ்காட் மோரிசன். இதைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று எதிர்க்கட்சிக்காரர்களைக் கிண்டல் செய்தார். மறு ஆண்டே அவர் பிரதமர்.

அரசுக்கு விஷயம் தெரியாது என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. அரசே கேட்டு வாங்கிய ராஸ் கார்னோவின் அறிக்கை 2008இல் வந்துவிட்டது. தீக்காலம் முன்னதாகவே தொடங்கும், உக்கிரம் கூடும், 2020 வாக்கில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்றது அது. 2019 ஏப்ரலில் தீயணைப்பு, மீட்புத் துறைகளின் முன்னாள் தலைவர்கள் 23 பேர் இதையே சொல்லிப் பிரதமரைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. நவம்பரில் காடு எரிந்துகொண்டிருக்கும்போதே, காலநிலையைப் பற்றிப் பேசுவது நகரத்துப் பசுமைவாதிகளின் பிதற்றல் என்றார் துணைப் பிரதமர் மைக்கேல் மெக்கார்மாக்.

அந்தக் கோடையில் தீயில் சிக்கி 33 பேர் இறந்தார்கள். 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. எரிந்த நிலம் 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல். இவ்வளவும் நடந்த பிறகுதான், 2020 ஜனவரியில், கோடை நீண்டு வெப்பமும் வறட்சியும் கூடுவதில் காலநிலை மாற்றத்துக்குப் பங்கு உண்டு என்று மோரிசன் வாய்திறந்து சொன்னார். பிப்ரவரியில் ராயல் கமிஷன் அமைத்தார்கள். அக்டோபரில் வந்த அதன் அறிக்கை, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு வெப்பம் கூடுவதை இனித் தடுக்க முடியாது என்று எழுதியது. 80 பரிந்துரைகள். கரியுமிழ்வைக் குறைக்கச் சொல்லும் பரிந்துரை அவற்றில் ஒன்றுகூட இல்லை.

நம்மை நிறுத்திவைப்பது அதன் 18ஆம் அத்தியாயம். அது பூர்வகுடிகளின் தீ அறிவைப் பற்றியது. பல்லாயிரம் ஆண்டுகளாக அவர்கள் காட்டுக்குத் தீ வைத்தே காட்டைக் காத்தவர்கள். குளிர்ந்த நாளாகப் பார்த்து, சிறுசிறு துண்டாக, கூடவே நடந்து சருகை மட்டும் எரிப்பார்கள். மரத்தின் உச்சி கருகாது, ஊர்வன தப்பி ஓட நேரம் இருக்கும். 1788இல் வந்திறங்கிய வெள்ளையர்கள் இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றார்கள். மக்களை அடித்து விரட்டினார்கள், அவர்கள் வைத்த தீயையும் தடுத்தார்கள். யாருக்கும் சொந்தமில்லை என்ற அந்தப் பொய்யை நீதிமன்றம் நிராகரிக்க 1992 வரை, மாபோ தீர்ப்பு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. விரட்டியவன் எழுதிய பட்டா செல்லும், உழைத்தவன் கால்தடம் செல்லாது என்பது நமக்குப் பழகிய நியாயம்தானே.

நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களின் பூர்வகுடிகளில் கால்பங்குக்கு மேற்பட்டோர் அந்தக் கோடையில் தீ பாதித்த பகுதிகளில் வாழ்ந்தவர்கள் என்று ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அத்தியாயம் அவர்களுக்குத் தந்தவை இரண்டு பரிந்துரைகள். அரசுகள் அவர்களோடு சேர்ந்து "மேலும் ஆராய வேண்டும்" என்பதுதான் இரண்டின் சாரமும். நிலத்தைத் திருப்பித் தருவது பற்றி ஒரு சொல்லும் இல்லை.