ஈம் கிராமத்து எல்லைக்கல்

இங்கிலாந்தின் டாபிசயர் மலைப்புறத்திலே ஈம் என்றொரு சிற்றூர் உண்டு. பெயரைக் கேட்டதும் தமிழ்ச் செவிக்கு ஈமம் என்னும் சொல் நினைவில் எழும். அவ்வூரின் வரலாறும் அதற்கு ஒத்ததாகவே அமைந்துவிட்டது.

1665ஆம் ஆண்டிலே, கொள்ளைநோய் பரவியிருந்த இலண்டனிலிருந்து அவ்வூர்த் தையற்காரர் வீட்டிற்குத் துணிப்பொதி ஒன்று வந்தது. ஈரங் கசிந்திருந்த துணியை அடுப்பருகே உலர்த்திய உதவியாளர் சில நாள்களுள் மாண்டார். துணியிலிருந்த தெள்ளுகளே நோயைக் கொணர்ந்தன என்பர்.

அடுத்த ஆண்டு யூன் மாதத்தில், ஊர்க் குருவானவர் வில்லியம் மொம்பெசன், ஒருவரும் எல்லையைத் தாண்டலாகாதென மக்களை வேண்டினார். அவர் ஊருக்குப் புதியவர். மக்கள் அவரை முழுதும் நம்பினாரல்லர். ஆகவே, சமயக் கொள்கை வேறுபாட்டாற் பதவியிழந்திருந்த முன்னைய குரு தோமஸ் ஸ்ரான்லியின் துணையை அவர் நாடினார். மாறுபட்ட இருவர் ஒன்றுபட்டு நின்றமையாலேயே ஊர் இணங்கிற்று எனலாம்.

அயலூரார் எல்லைக்கல்லருகே உணவை வைத்துச் சென்றனர். கல்லிற் குடைந்த குழிகளில் வினாகிரியை நிரப்பி, விலைக்காசை அதனுள் இட்டனர் ஈம் மக்கள். வழிபாடு திறந்த வெளியில், குடும்பங்குடும்பமாக விலகி நின்று நடைபெற்றது. இறந்தோரை அவரவர் வீட்டாரே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தனர். எலிசபெத் ஹன்கொக் என்னும் பெண், ஓகஸ்ட் மாதத்து எட்டு நாள்களுள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தானே அடக்கஞ் செய்தாள். இதற்குமேல் அதனைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மொம்பெசன் தம் பிள்ளைகள் இருவரையும் முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். மனைவி கத்தரீனோ கணவரைப் பிரிய மறுத்து உடனிருந்தாள், நோயுற்றோரைப் பேணினாள், ஓகஸ்ட் மாத இறுதியில் இறந்தாள். தாயின் மறைவைத் தந்தை கடிதத்தினாலேயே பிள்ளைகளுக்கு அறிவித்தார்.

எமற் என்னும் ஈம் கன்னியும் அயலூர் இளைஞன் றோலண்டும் ஓடைப் பள்ளத்தின் இரு மருங்கிலும் நின்று, பேச்சின்றி ஒருவரையொருவர் கண்டு மீள்வர் என்பது செவிவழிச் செய்தி. பிற்கால நூலாசிரியர் இதற்கு மெருகூட்டியிருத்தல் கூடும். எனினும் அவள் 1666 ஏப்பிரலில் இறந்தாள் என்பது உறுதி.

நவெம்பரில் நோய் ஓய்ந்தபோது மாண்டோர் தொகை 260. எல்லை திறந்ததும் முதலில் உள்ளே வந்தோருள் றோலண்டும் ஒருவன் என்பர். பல மாதங்களாக அவளைக் காணாதிருந்தும், அவள் இறந்த செய்தியை அவன் அதுகாறும் அறிந்திலன்.