செப்புத் தகட்டில் ஓர் அகதியின் கோடுகள்

போர்களைக் கொண்டும் உடன்படிக்கைகளைக் கொண்டும் நாடுகளின் வரலாற்றை எழுதுவது மரபு. ஆயினும், உள்ளங்கை அளவேயான ஒரு செப்புத் தகடும் வரலாறு கூற வல்லது என்பதற்கு வோல்ஸ் என்னும் ஜெர்மானியக் கலைஞரின் படைப்புகள் தக்க சான்றாகும்.

வோல்சின் இயற்பெயர் ஆல்ஃபிரட் ஓட்டோ வூல்ஃப்காங் ஷூல்ட்ஸ. 1913ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பெர்லினில் பிறந்து, டிரெஸ்டன் நகரில் வளர்ந்தார். இளமையிலேயே வயலின் இசையிலும் நிழற்படக் கலையிலும் தேர்ச்சி பெற்ற அவர், 1932இல் பாரிசுக்குச் சென்றார். அடுத்த ஆண்டே இட்லரின் ஆட்சி தாயகத்தில் வேரூன்றியது. கட்டாயப் பணிக்கு வருமாறு அவ்வரசு விடுத்த அழைப்பை ஏற்க அவர் மறுத்தார். அதனால் தாயகம் திரும்பும் வழி அடைபட்டது. 1937இல், புதுமைக் கலைஞர்தம் படைப்புகளைச் 'சீரழிந்த கலை' எனப் பழித்து நாசி அரசு மியூனிக் நகரில் கண்காட்சி நடத்தியது. அதே ஆண்டில்தான் அவர் வோல்ஸ் என்னும் பெயரை ஏற்றார். தந்தியொன்றில் தம் பெயர் சிதைந்து வந்தமையே அதற்குக் காரணம் என்பர்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. தம் நாட்டிலிருந்த ஜெர்மானியரைப் பகைவராகக் கருதிய பிரெஞ்சு அரசு, வோல்சையும் முகாமில் அடைத்தது. தாயகத்துக்கு அவர் பணி மறுத்த குற்றவாளி, புகலிடத்துக்கோ பகைநாட்டான்! அவர் அடைபட்ட முகாம்களுள் ஒன்றான லே மில், ஓர் ஓட்டுத் தொழிற்சாலையாக இருந்த இடம். மாக்ஸ் எர்ன்ஸ்ட் போன்ற கலைஞரும் அங்கே அடைபட்டிருந்தனர். 2012இல் அவ்விடம் நினைவகமாகத் திறக்கப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த கிரெட்டி என்னும் மங்கையை மணந்ததால் 1940 அக்டோபரில் வோல்ஸ் விடுதலை பெற்றார். 1942இல் ஜெர்மானியப் படை தென் பிரான்சிலும் நுழையவே, தியல்ஃபி என்னும் சிற்றூருக்குத் தப்பி ஓடினார்.

இத்தகைய அலைச்சலில் பெரிய துணிகளில் வண்ணம் தீட்டல் இயலுமோ? சிறு தாள்களே அவருக்குத் துணையாயின. போர் முடிந்தபின் அந்நுண்மை செப்புத் தகட்டில் இடம் பெற்றது. அவர் கையாண்ட முறை டிரைபாயிண்ட் எனப்படும். இதில் அமிலத்திற்கு வேலையில்லை. கூரிய ஊசியால் தகட்டை நேரே கீறுவர். கீறலின் ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும். அப்பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால், தாளில் பதியும் கோடு பட்டுப்போல மென்மை பெறும். ஆனால் உருளையின் அழுத்தத்தில் பிசிறு விரைவில் தேய்ந்துவிடும். ஆதலின் சிறந்த படிகள் சிலவே கிட்டும்.

வோல்சின் தகடுகளில் மனிதரையோ மரத்தையோ தெளிவுறக் காண்டல் அரிது. வேர்போலவும் நரம்புபோலவும் மயிரிழைக் கோடுகள் பின்னிப் படர்கின்றன. ஓரிடத்தில் முடிச்சிட்டு, வேறோரிடத்தில் அறுந்து நிற்கின்றன. இவற்றை வெறுங் கிறுக்கல் என ஒதுக்குவார் உளர். வீடும் நாடும் பெயரும் சிதைந்த ஒருவருக்குச் சிதையாத உருவம் எங்ஙனம் கைவரும்? கைகூடிய மட்டில் உண்மையைப் பதிவு செய்தமையே அக்கோடுகளின் சிறப்பு.

எழுத்தாளர்கள் அவர்தம் அருமையை உணர்ந்தனர். சார்த்தரின் 'முகங்கள்' என்னும் நூல் 1948இல் வோல்சின் 4 டிரைபாயிண்ட் படங்களுடன் வெளிவந்தது. காஃப்கா, ஆர்த்தோ ஆகியோரின் எழுத்துகளுக்கும் அவர் படம் வரைந்தார். எனினும் வறுமையும் மதுவும் அவர் உடலை நலிவித்தன. கெட்டுப்போன இறைச்சி நஞ்சாகி, 1951 செப்டம்பர் 1ஆம் நாள், 38ஆம் வயதில் பாரிசில் மறைந்தார்.

1955இல் ஜெர்மனியின் காசெல் நகரில் முதல் டாக்குமெண்டா கண்காட்சி நடைபெற்றது. நாசி ஆட்சியில் பழிக்கப்பட்ட கலைக்கு மீண்டும் மதிப்பளித்த அக்கண்காட்சியில் வோல்சின் படைப்புகளும் இடம்பெற்றன. வாழ்நாளில் தாயகம் திரும்பாத அவரை அவர்தம் கலை அழைத்து வந்தது. அவரை விலக்கிய ஆட்சி 12 ஆண்டுகளில் வீழ்ந்தது. ஊசி கீறிய கோடுகளோ இன்றும் அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன. குடிமக்களுள் எவர் வேண்டும், எவர் வேண்டா என முடிவு செய்யும் ஆட்சியாளர் நினைவிற் கொள்ளத்தக்க பாடம் இதுவே.