பாடத்திட்டமும் வாயிலும்: சன் பிரான்சிஸ்கோ மாணவர் பகிஷ்கரிப்பு, 1968–69

ஐக்கிய அமெரிக்காவின் உயர்கல்வியிலே பல்பண்பாட்டுக் கல்வி எனப் பேசப்படுவதை, அறிஞர் அவைகளிற் பிறந்து மேலிருந்து கீழிறங்கிய ஒரு கொள்கையென எண்ணுவாருளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அக்கல்விக்குத் தனித் துறைகள் வாய்த்தமை பெரிதும் மாணவர் போராட்டங்களின் பேறாகும். அவற்றுள் தலையாயது, சன் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் 1968 நவம்பர் 6ஆம் திகதி தொடங்கி 1969 மார்ச் வரை நீடித்த பகிஷ்கரிப்பாகும்.

அதன் வேரை 1960ஆம் ஆண்டின் கலிபோர்னிய உயர்கல்விப் பெருந்திட்டத்திலே காணலாம். உயர்நிலைப் பள்ளியை முடிப்போரில் முதல் எட்டிலொரு பங்கினர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றிலொரு பங்கினர் அரசுக் கல்லூரிகளுக்கும் உரியவராயினர். ஏனையோருக்கு ஈராண்டுக் கல்லூரிகளே வாயிலாயின. தகைமை ஒன்றே அளவுகோலாதலின் இத்திட்டம் நடுநிலையானதாகவே தோன்றிற்று. ஆயின், வசதி குன்றிய பாடசாலைகளிற் பயின்ற கறுப்பின, மெக்சிக்க வழிவந்த பிள்ளைகளுட் பெரும்பாலோருக்கு எஞ்சியது அக்கடைசி வாயிலே. உட்புகுந்த சிலரோ, தம் முன்னோரின் வரலாற்றைப் பாடத்திட்டத்தில் அரிதாகவே கண்டனர்.

கறுஞ்சிறுத்தைக் கட்சியின் கல்விப் பொறுப்பாளராகவும் இருந்த ஆங்கில விரிவுரையாளர் ஜோர்ஜ் மரே இடைநிறுத்தப்பட்டமை உடனடிக் காரணமாயிற்று. கறுப்பின மாணவர் ஒன்றியம் பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தது. சீன, பிலிப்பைன், ஜப்பானிய, மெக்சிக்க வழிவந்த மாணவர் அமைப்புகளின் கூட்டான மூன்றாம் உலக விடுதலை முன்னணி மேலும் ஐந்தைச் சேர்த்தது. பதினைந்தையும் தொகுத்து நோக்கின், அவை இரண்டே கேள்விகளாய் அமைதல் புலனாகும்: எதைக் கற்பிப்பது? யாரைச் சேர்ப்பது?

போராட்டம் தொடங்கிய மாதத்திலேயே கல்லூரித் தலைவர் பதவி விலக, எஸ். ஐ. ஹயகாவா அப்பொறுப்பை ஏற்றார். கனடாவிற் பிறந்த, ஜப்பானியப் பெற்றோரின் மைந்தரான இவர் சொற்பொருளியல் அறிஞர். டிசெம்பர் 2ஆம் திகதி மாணவரின் வாகனத்தின்மேல் ஏறி ஒலிபெருக்கியின் கம்பிகளைப் பிடுங்கி எறிந்தார்; அக்காட்சி நாடெங்கும் தொலைக்காட்சியிற் பரவி அவரைப் புகழ்பெறச் செய்தது. சொல்லின் பொருளை ஆய்ந்த ஒருவர் சொல்லும் கருவியைத் துண்டித்துப் பேர்பெற்றமை விந்தையே. 1977இல் அவர் செனற் சபை உறுப்பினரானார். ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 1981இல் முன்மொழிந்தவரும் அவரே.

ஜனவரியில் விரிவுரையாளர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அம்மாதம் 23ஆம் திகதி ஒரே நாளில் 400க்கும் மேற்பட்டோர் கைதாயினர். மார்ச் மாதத்து உடன்பாட்டின்படி, 1969 இலையுதிர் காலத்தில் இனத்துவக் கற்கைகளுக்கான தனிப் பிரிவொன்று திறக்கப்பட்டது. அமெரிக்காவில் அத்தகையது அதுவே முதலாவது. மரேக்குப் பதவி மீளக் கிடைக்கவில்லை. மாணவர் அனுமதி பற்றிய கோரிக்கையும் ஓரளவுக்கே ஏற்கப்பட்டது.

இவ்வெற்றியிலே ஒரு குறையும் உண்டு. புதிய பிரிவு பழைய பீடங்களின் அருகே எழுந்ததேயன்றி, அப்பீடங்களின் பாடங்களை மாற்றிவிடவில்லை. எல்லா மாணவருக்கும் பொதுவான பாடம் யாருடையது என்ற வினா 1988இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மீண்டும் எழுந்ததும், அங்கு மேலைப் பண்பாடு என்ற கட்டாயப் பாடநெறிக்குப் பதிலாகப் பண்பாடுகளைப் பன்மையிற் கூறும் நெறியொன்று வந்ததும் இதனாலேயே எனலாம்.

முதற் கேள்வி வென்றது. இரண்டாவதன் கதை வேறு. 1996இல் கலிபோர்னிய வாக்காளர், அரசுப் பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருத்திற் கொள்வதைத் தடைசெய்தனர். 2020 ஓகஸ்ட் மாதம், கலிபோர்னிய அரசுப் பல்கலைக்கழகத் தொகுதியின் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர் அனைவரும் இனத்துவக் கற்கைகளில் ஒரு பாடநெறியையேனும் பயிலவேண்டுமெனச் சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், 1996ஆம் ஆண்டுத் தடையை நீக்கும் பிரேரணை வாக்கெடுப்பிலே தோல்வியுற்றது.