பிழைப்பும் உயிரே: நீதியரசர் கோபால் ஸ்ரீ ராமின் பணி

'பிழைத்தல்' என்னும் சொல்லுக்குத் தவறு செய்தல் என்ற பொருள் ஒருபுறமிருக்க, வேறு இரு வழக்குகளும் தமிழில் உண்டு. கொடிய நோயிலிருந்து மீண்டவனை 'உயிர் பிழைத்தான்' என்கிறோம். வேலை தேடி ஊர்விட்டு ஊர் சென்றவனைப் 'பிழைக்கப் போனான்' என்கிறோம். மூச்சு நிலைத்தலும் தொழில் நிலைத்தலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஒருவன் வேலையைக் கெடுப்பதை 'வயிற்றில் அடித்தல்' என்று நம் மக்கள் சொல்வதும் இக்கருத்துப் பற்றியே. மக்கள் வழக்கில் ஐயமின்றி விளங்கிய இவ்வுண்மை, மலேசிய நீதிமன்றத்தில் சட்டக் கோட்பாடாக ஏற்கப்படுவதற்கு 1996ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனை நிலைநாட்டியவர் நீதியரசர் டத்தோ ஸ்ரீ கோபால் ஸ்ரீ ராம் ஆவார்.

1943ஆம் ஆண்டில் பிறந்த அவர், இலண்டன் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் பயின்று, இருபதாண்டுகளுக்கு மேல் வழக்கறிஞராகப் புகழுடன் விளங்கினார். 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் மேல்முறையீடுகள் அனைத்தும் முடிவுற்றன. 1994இல் உயர்நீதிமன்றங்களுக்கும் கூட்டரசு நீதிமன்றத்துக்கும் இடையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்னும் புதிய படி அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து படிப்படியாக உயரும் வழக்கத்துக்கு மாறாக, வழக்கறிஞர் நிலையிலிருந்து நேரடியாகவே அம்மன்றத்தின் நீதிபதியாக அவர் அமர்த்தப்பட்டார். அவ்வாறு அமர்த்தப்பட்டவர்களுள் அவரே முதல்வர்.

இரண்டாண்டுகளில் அவர் முன் வந்த வழக்கு ஒன்று ஆசிரியர் உலகம் என்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. தொடக்கப் பள்ளித் துணைத் தலைமையாசிரியர் ஒருவர் மீது பணம் தொடர்பான குற்றச்சாட்டு எழுந்தது. கீழ்நீதிமன்றம் விதித்த சிறைத்தண்டனையை உயர்நீதிமன்றம் நீக்கி, அவரை நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது. எனினும் கல்விச் சேவை ஆணையம் அவரைப் பணியிலிருந்தே நீக்கியது. அரசியலமைப்புச் சட்டத்தின் 5(1)ஆம் விதி, சட்டத்தின்படியன்றி எவருடைய உயிரும் தனிமனிதச் சுதந்திரமும் பறிக்கப்படலாகாது என்கிறது. அவ்விதியிலுள்ள 'உயிர்' என்னும் சொல் வெறும் மூச்சைக் குறிப்பதன்று. மனிதன் வாழ்வதற்கு இன்றியமையாத அனைத்தையும், அவனது பிழைப்பையும் அது உள்ளடக்கும் என்று நீதியரசர் பொருள் கண்டார். தவறே நடக்கவில்லை என்று நீதிமன்றம் கூறவில்லை. தவற்றின் அளவுக்குத் தண்டனையின் அளவு ஒத்திருத்தல் வேண்டும் என்றே கூறியது. ஆகவே பணிநீக்கம் பதவிக் குறைப்பாக மாற்றப்பட்டது. அவ்வாசிரியர் தம் உயர்பதவியை இழந்தார். ஆனால் பிழைப்பை இழக்கவில்லை.

இப்பொருள்கோள் திடீரெனத் தோன்றியதன்று. இந்திய அரசியலமைப்பின் 21ஆம் விதியும் நம் நாட்டின் 5(1)ஆம் விதியும் ஏறத்தாழ ஒரே சொற்களால் ஆனவை. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில், பிழைக்கும் வழியைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்று இந்திய உச்சநீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்திருந்தது. அவ்விதையை மலேசிய மண்ணுக்கு ஏற்றவாறு நட்டு வளர்த்ததே கோபால் ஸ்ரீ ராமின் பணியாகும்.

அது ஜொகூர் மண்ணிலேயே பலன் தந்தது. செடெனாக் அமைந்துள்ள கூலாய் மாவட்டத்துக்கு அடுத்துள்ள கோத்தா திங்கி மாவட்டத்தில் லிங்கியூ அணை கட்டப்பட்டது. சிங்கப்பூருக்கு நீர் வழங்க 1990இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின் விளைவு அது. அதற்காக, ஜக்கூன் பூர்வக்குடியினர் தலைமுறை தலைமுறையாக உணவும் பொருளும் தேடிய 53,273 ஏக்கர் காடு அவர்கள் கைவிட்டுப் போயிற்று. ஜொகூர் அரசு சிங்கப்பூரிடமிருந்து 8 கோடியே 50 லட்சம் வெள்ளி இழப்பீடு பெற்றது. பூர்வக்குடியினர் 52 பேர் வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்கு 2 கோடியே 65 லட்சம் வெள்ளி இழப்பீடு வழங்க நீதிபதி மொக்தார் சிடின் தீர்ப்பளித்தார். அரசு செய்த மேல்முறையீட்டை, கோபால் ஸ்ரீ ராம் தீர்ப்புரை வழங்கிய அமர்வு 1998இல் தள்ளுபடி செய்தது. பிழைப்பைப் பறிப்பது உயிரையே பறிப்பதாகலாம் என்ற கோட்பாடு அத்தீர்ப்பிலும் ஒலித்தது. ஆசிரியருக்குப் பள்ளி எதுவோ, அதுவே ஜக்கூன் மக்களுக்குக் காடு. வேலை போனால் குடியிருக்கும் வீடும் போகும் என்ற நிலையைக் கண்ட தோட்டப்புற மக்களுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

எனினும் அவர் வழி தடையற்றதாக அமையவில்லை. மற்றொரு வழக்கில் அவர் தந்த விரிந்த விளக்கத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2002இல் ஏற்க மறுத்து, தனிமனிதச் சுதந்திரத்துக்கு விரிந்த பொருள் கொள்ளலாகாது என்றது. 2009இல் அவரே கூட்டரசு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். அங்கு, வழக்கறிஞர் மன்ற உறுப்பினராவது பற்றிச் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், அடிப்படை உரிமைகளைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று மீண்டும் உரைத்தார். அவ்வழக்கில் சிவராசா தோற்றார், கோட்பாடோ நிலைபெற்றது. ஒருவருக்கு வெற்றி தருவதற்காகக் கோட்பாட்டை வளைக்காமையும், ஒருவர் தோற்பதால் கோட்பாட்டைக் கைவிடாமையும் அன்றோ நடுவுநிலைமை?

2010இல் ஓய்வு பெற்ற பின்னர் அவர் மீண்டும் வழக்கறிஞராகப் பணியாற்றினார். முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் மீதான 1எம்டிபி வழக்கில் அரசுத் தரப்புக்குத் தலைமை தாங்கினார். அவ்வழக்கு முடியும் முன்னரே, 2023ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், தமது 79ஆம் வயதில் மறைந்தார்.

சொல்லுக்குப் பொருள் காண்பது ஏட்டுக் கல்வி மட்டுமே என்று எண்ணும் மாணவர் உளர். ஒரு சொல்லின் பொருள் குறுகினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். அது விரிந்தால் அவ்வடுப்பு எரியும். இதனைத் தம் தீர்ப்புகளால் உணர்த்தியவர் கோபால் ஸ்ரீ ராம். சொற்பொருள் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கும் அதனைக் கற்கும் மாணவர்க்கும் அவர் வாழ்க்கை சிறந்ததொரு பாடமாகும்.