காட்டுப்பன்றிக்கு ரைபிள் செய்யச் சொல்லலாமா? துப்பாக்கி பழுதுபார்ப்பவரைத் தேர்வு செய்யும் முன் விவசாயிகள் அறிய வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்தில் நிலக்கடலை காய் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகள் பலவும் காட்டுப்பன்றியைப் பற்றித்தான். அழைப்பவரின் வீடு ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கும். நிலம் ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு பக்கம், காப்புக்காட்டை ஒட்டி இருக்கும். ஒரே இரவில் அரை ஏக்கர் கடலையை ஏர் ஓட்டியதுபோல் புரட்டிவிட்டுப் போயிருக்கும். அந்த ஆத்திரத்தில் அண்மையில் ஒரு விவசாயி கேட்டார்: "சார், அம்பத்தூர் எஸ்டேட்ல தெரிஞ்ச லேத் பட்டறை இருக்கு. டர்னர் கில்லாடி. நல்ல இரும்பு வாங்கிக் கொடுத்தா போல்ட் ஆக்‌ஷன் ரைபிளே செஞ்சுடலாம்ங்கறான். செய்யச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று உடனே சொன்னேன். காரணத்தை விளக்கத்தான் அரை மணி நேரம் ஆயிற்று.

கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-லிருந்து இயங்குகிறது. பக்கத்து ஆவடியில் 1965-லேயே விஜயந்தா டாங்கி உருவானது. இந்த வட்டாரத்து டர்னருக்குக் குழல் கடைவது பெரிய வேலை அல்ல. ஆனால் ஆயுதச் சட்டம் 1959-ன் 5-ஆம் பிரிவுப்படி, அதற்கான உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, மாற்றி அமைப்பதும் பழுது பார்ப்பதும் சோதிப்பதும்கூடக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம். செய்தவரோடு, செய்து வாங்கியவரும் மாட்டுவார். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்கு ஒரு ஊசியை மட்டும் லேத்தில் கடைந்து போட்டாலும் அது பழுது பார்த்தலே. நட்புக்காகச் செய்து கொடுக்கும் அந்த டர்னரின் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள்.

ஆபத்து இன்னொன்றும் உண்டு. ரைபிள் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் சதுர அங்குலத்துக்குப் பல்லாயிரம் பவுண்டு அழுத்தம் எழும்பும். இஎன் 8 கம்பியோ, எம்.எஸ். பைப்போ, சரியான வெப்பப் பதம் இல்லாமல் கடைந்தால் அது எத்தனையாவது தோட்டாவில் பிளக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. போல்ட் இருப்பது சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில்.

சரி, முறைப்படி லைசென்ஸ் வாங்கினால்? பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் அதற்கென்று சட்டம் குறிப்பது, முன்பக்கமாக மருந்து கிட்டிக்கும் நாட்டு வகைத் துப்பாக்கியை, ரைபிளை அல்ல. பொதுவான தற்காப்புக்குக் கேட்டால் 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கி, அதாவது நாம் சொல்லும் சிங்கிள் பேரல், டபுள் பேரல். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வேண்டுமென்றால் தேவையைத் தனியாக நிரூபிக்க வேண்டும். கிடைத்தாலும், இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் .315 போன்ற ஆயத்த ரைபிளைத்தான் லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்க வேண்டும். .303 போன்ற ராணுவ அளவுகள் தனியாருக்குத் தடை. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம். ஆவடி போன்ற காவல் ஆணையரகப் பகுதியில் ஆணையரிடம். 2019-க்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும்.

லைசென்ஸ் இருப்பதால் மட்டும் பன்றியைச் சுட்டுவிட முடியாது. இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துப்பாக்கி உரிமம் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வருவது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டுமே. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவரின் உத்தரவின்பேரில் லைசென்ஸ் உள்ள தனியார் சுடுகிறார்களே என்று கேட்கிறார்கள். அது அந்த மாநில ஏற்பாடு, இங்கே செல்லாது.

ஆகவே நம் பகுதி விவசாயிக்குத் துப்பாக்கி வல்லுநர் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்துக்காக: தாத்தா, அப்பா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, அதைச் சரிபார்க்க வேண்டும். யாரிடம் கொடுப்பது?

முதலில் அவரது உரிமத்தைக் கேளுங்கள். விற்பனை உரிமம் வேறு, பழுதுபார்க்கும் உரிமம் வேறு. இரண்டும் எழுதியிருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். உங்கள் லைசென்ஸைப் பார்க்காமலேயே துப்பாக்கியைக் கையில் வாங்குபவர் இன்னும் ஆபத்தானவர். நல்லவர் லைசென்ஸையும் துப்பாக்கி எண்ணையும் ஒத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, எண் குறித்த ரசீது தருவார். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், உறையில், அசல் லைசென்ஸோடு எடுத்துச் செல்லுங்கள். தோட்டாக்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் டபுள் பேரலைத் துரு நீக்கி மெருகேற்ற ஒருவரிடம் கொடுத்தோம். பளபளவென்று திரும்பி வந்தது. புதுப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது, பாலிஷ் சக்கரத்தில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தேய்ந்து போயிருந்தது. எண் அழிந்த துப்பாக்கி சட்டத்தின் கண்ணில் சந்தேகத்துக்குரியது. எங்களிடம் ரசீதும் இல்லை. பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, நடையாய் நடந்து விளக்கம் சொல்லி முடிக்க ஓராண்டு ஆகிவிட்டது. கொடுப்பதற்கு முன் எண், தயாரிப்பாளர் பெயர், சோதனை முத்திரை மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலைத்திறன். பழைய ட்வெல்வ் போர் என்றால் அவர் முதலில் குழலின் உள்ளே வெளிச்சத்தில் பார்ப்பார், பிறகு அறையின் நீளத்தை அளப்பார். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது, அதில் 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் மேல் நீரலை போல வரிவரியாகத் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடக் கூடாது. "எல்லாம் ஓடும் சார்" என்பவரைவிட, "இதைச் சுடாதீங்க, மாட்டி வைங்க" என்று சொல்பவரே தொழில் தெரிந்தவர்.

.315 ரைபிள் என்றால் கேள்வி வேறு. தோட்டா அறைக்குள் மேலே முன்னேறாமல் தாங்கி நிற்கும் இடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள தூரத்தை ஹெட் ஸ்பேஸ் என்பார்கள். அதை அளக்க கோ, நோ-கோ கேஜ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கண் மதிப்பில் சொல்லும் விஷயம் அல்ல இது. போல்ட்டிலும் உடலிலும் உள்ள எண் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு ரைபிளின் போல்ட்டை மாற்றிப் போட்டுத் தருபவரை விட்டு விலகுங்கள். ட்ரிகரை மிக லேசாக்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம், கீழே விழுந்தால் வெடிக்கும். குழலைக் குட்டையாக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அது 6-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

நம் ஊர்க் காற்றின் ஈரம் துப்பாக்கிக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகையில் கட்டை உப்பும், இரும்பு பூக்கும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டினால் தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். எண்ணெய் துடைத்து, உறையில்லாமல், பூட்டிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். தோட்டா வேறு பெட்டியில். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ வைத்துவிட்டு, பிறகு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 70 வயது நிறைந்த, அல்லது 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்த உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். பரண்மேல் கிடக்கட்டும் என்று விட்டால் அது உரிமமில்லாத ஆயுதம் ஆகிவிடும்.

பன்றிக்கு என்னதான் வழி என்றால், கடலையைச் சுற்றி நான்கு வரிசை நெருக்கமாக ஆமணக்கு நடலாம். அதன் வாடையும் அடர்த்தியும் பன்றியைத் தயங்க வைக்கும். சூரிய மின்வேலி போடுவோர் 2023 மின்வேலி விதிகளின்படி பதிவு செய்தே போட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதும் அவுட்டுக்காய் வைப்பதும் பன்றியைவிட மனிதரையும் மாட்டையும்தான் முதலில் பிடிக்கும்.

சேதம் நடந்த காலையில் உழவு ஓட்டிச் சமன் செய்துவிடாதீர்கள். குளம்புத் தடமும் புரட்டிய செடியும் தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவைக் கொடுங்கள். நிலம் காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் இருந்தால் அதே மனுவில் தூரத்தையும் குறிப்பிட்டு, பன்றியை அகற்றக் கோரலாம்.